லுமுட்டில் 34 அடி பாய்ப்படகு: கணவன் மனைவி இரண்டு பேரும் அதிலேயே குடியிருக்க முடியுமா?

ஆயர் தாவார் வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரியும் மலேசியா, பேராக் மாநிலத்து ஆயர் தாவார்க்காரர்கள். இந்த ஆண்டோடு இருவருக்கும் வேலை முடிகிறது. லுமுட் மரினாவில் (உல்லாசப் படகுத்துறை) ஒரு வெள்ளைக்காரர் தன் 34 அடி ஃபைபர் பாய்ப்படகை விற்கிறார். 1980களில் கட்டியது. தண்ணீருக்குக் கீழே 1.7 மீட்டர் இறங்கும். யன்மார் 3ஜிஎம்30 இஞ்சின். வாங்கினால் லுமுட், பினாங்கு, லங்காவி, அதற்கு மேல் போகிற எண்ணம் இல்லை.

என் கேள்விகள்:

பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? டீசல் மானியம் போன பிறகு இந்த வாழ்க்கை கட்டுப்படியாகுமா? 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையில் புயலே வந்துவிட்டது, சிங்கப்பூர்ப் பக்கம் கப்பல் கொள்ளை என்று அடிக்கடி செய்தி வருகிறது. இதில் எது எங்களைத் தொடும், எது தொடாது? கடைசியாக, வீட்டுக்காரி இன்சுலின் போடுகிறவர். ஐஸ் பெட்டி இரவு பகல் ஓட வேண்டும். படகில் அது முடியுமா?

'தோட்டத்து ஆளுக்குக் கடல் எதுக்கு' என்ற பதிலை ஊரிலேயே இலவசமாகக் கேட்டுவிட்டோம். அது மட்டும் வேண்டாம்.

---

ஆலை ஃபிட்டர் பதில்:

அண்ணே, முதலில் இஞ்சின். பார்க்கப் போகும் நேரத்தை விற்பவரிடம் சொல்லுங்கள், ஆனால் இஞ்சினைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். போனதும் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இஞ்சின் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு கயிற்றில் கட்டியபடியே கியர் போட்டு, முக்கால் வேகத்தில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். சும்மா நியூட்ரலில் உறுமுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கறுப்புப் புகை வந்தால் காற்றோ டீசலோ சரியில்லை, அல்லது புரொபெல்லரில் சிப்பி ஏறியிருக்கிறது. நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது, பிஸ்டன் ரிங் வேலை இருக்கும். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல், புகைக் குழாயில் தண்ணீரும் குறைவாக வந்தால், குளிர்விக்கும் பாதையில் அடைப்பு.

இஞ்சின் தகட்டில் 3ஜிஎம்30 என்று இருக்கிறதா, கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். எஃப் இருந்தால் உள்ளே நல்ல தண்ணீர் சுற்றுகிறது, கடல் தண்ணீர் அதைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரோடு நின்றுவிடும். எஃப் இல்லாவிட்டால் கடல் தண்ணீரே பிளாக்குக்குள் ஓடியிருக்கிறது. நம் பக்கத்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் முப்பது நாற்பது வருடம் என்றால் பிளாக்கின் உள் சுவர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு எழுத்தை வைத்தே விலை பேசலாம்.

அப்புறம் புகைக் குழாய் முழங்கை. தண்ணீரும் புகையும் கலக்கும் இடம் அதுதான். போல்ட்டுகளைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். கரியும் துருவும் சேர்ந்து ஓட்டை விரல் அளவுக்குச் சுருங்கியிருந்தால் மாற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்ட இஞ்சின்தான் 'திடீரென்று சக்தி குறைந்துவிட்டது' என்று பட்டறைக்கு வரும்.

டீசல் விலை பற்றிக் கேட்டீர்கள். 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளியில் (ரிங்கிட்) இருந்து 3.35-க்கு ஒரே நாளில் போனது. அதற்குப் பிறகு ஏற்ற இறக்கம். உல்லாசப் படகுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த இஞ்சின் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் மணிக்கு 2 முதல் 2.5 லிட்டர்தான் குடிக்கும். லுமுட்டில் இருந்து பினாங்கு சுமார் 65 கடல் மைல், 13 மணி நேரம். பாயே விரிக்காமல் போனாலும் 32 லிட்டர், அந்த 3.35 விலையில் நூறு வெள்ளிக்குப் பக்கம். ஊரில் கார் வைத்திருப்பவன் பெட்ரோலுக்குக் கொடுப்பதைவிட இது ஒன்றும் பெரிய செலவு இல்லை. விலையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நடுக்கடலில் போட்டை நிறுத்துவது விலை இல்லை, டாங்க்கில் சேரும் தண்ணீர்.

2019 முதல் நம் பம்ப்புகளில் பெரும்பாலும் வந்தது பி10, அதாவது பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசல். லோரிக்கு அது பிரச்சினை இல்லை, இரண்டு நாளில் எரித்துவிடும். படகு டாங்க்கில் மாதக் கணக்கில் கிடக்கும். பயோடீசல் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. அடியில் தண்ணீர் தங்கும், தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் ஒரு பூஞ்சை வளரும், கறுப்புச் சளி மாதிரி. மரினாவில் கட்டியிருக்கும்போது அது அடியில் அமைதியாகக் கிடக்கும். அலையில் ஆடும்போது கிளம்பி வந்து ஃபில்டரை அடைக்கும். இஞ்சின் நிற்பது எப்போதும் மோசமான நேரத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான், ராசி இல்லை.

பழைய டாங்க்கில் இன்னொரு தொல்லை. பயோடீசல் பழைய கசடைக் கரைத்துக் கொண்டு வரும், பழைய ரப்பர் ஹோஸையும் உப்ப வைக்கும். (பால்மரத்துக்கும் செம்பனைக்கும் தோட்டத்திலும் ஒத்துவரவில்லை, டாங்க்கிலும் ஒத்துவரவில்லை.) ஆகவே போட்டை வாங்கினால் முதல் மாதத்தில் செய்ய வேண்டியது:

டாங்க்கில் கை நுழையும் மூடி இல்லாவிட்டால் ஒன்று வெட்டிப் போடுங்கள். அடியில் உள்ளதை எல்லாம் உறிஞ்சி எடுத்துத் துடையுங்கள். டீசல் ஹோஸ் எல்லாவற்றையும் பயோடீசல் தாங்கும் கடல்தரத்து ஹோஸாக மாற்றுங்கள். இஞ்சினுக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் உள்ள ஃபில்டர், 10 மைக்ரான், ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு நடுவில் வால்வு வையுங்கள். ஒன்று அடைத்தால் ஓடும்போதே அடுத்ததற்குத் திருப்பலாம். கிண்ணத்தில் தண்ணீர் தெரிந்தால் கீழ்த் திருகைத் திறந்து வடியுங்கள். டாங்க் எப்போதும் நிரம்பி இருக்கட்டும். வெறும் இடம் இருந்தால் இரவில் உள் சுவர் வியர்க்கும். பூஞ்சைக் கொல்லி மருந்து, டப்பாவில் போட்ட அளவுப்படி. அதிகம் ஊற்றினால் செத்த பூஞ்சை மொத்தமாக வந்து அடைக்கும், அவசரப்படாதீர்கள்.

ஃபில்டர் மாற்றிக் காற்று எடுப்பதை வீட்டுக்காரியும் கற்றுக்கொள்ளட்டும். இஞ்சின் பக்கத்து ஃபில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, கை நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருங்கள். நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை. அப்புறம் இறுக்குங்கள். அவ்வளவுதான். நெம்புகோல் அழுந்தாமல் தொளதொள என்று இருந்தால் பம்ப்பைத் தள்ளும் கேம் உச்சியில் நிற்கிறது. கிராங்க்கைக் கையால் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அழுத்துங்கள். புதுசாகப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுப் பம்ப் வாங்குவார்கள்.

---

காகிதம் முக்கியம் பதில்:

போட்டைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். வெளிநாட்டுக் கொடியில் உள்ள படகு என்றால், அது இந்த நாட்டுக்குள் இறக்குமதி ஆனதாகச் சுங்கத்துறை கே1 பத்திரம் இருக்கிறதா? இல்லை என்றால் வரி யார் தலையில் என்று எழுத்தில் வாங்குங்கள், பணம் அதற்குப் பிறகு. செங்கடல் வழி 2023 நவம்பரில் இருந்து ஆபத்தாகிவிட்டதால், ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டிய படகுகளுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றுவது அல்லது கப்பலில் ஏற்றி அனுப்புவதுதான் மிச்சம். இரண்டும் செலவு. இங்கேயே விற்றுவிட நினைப்பவர்கள் அதனால்தான் இருக்கிறார்கள். இது உங்களுக்குச் சாதகம், பேரம் பேசுங்கள். ஆனால் அவசரத்தில் விற்பவர் பத்திரத்தை முழுதாக வைத்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் பெயரில் பதிவும் உரிமமும் ஜபாத்தான் லாவுட்டில் (கடல்துறை). காப்பீட்டை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். இந்த வயதுப் படகுக்குச் சர்வேயர் அறிக்கையும், பாய்மரக் கம்பிகள் எப்போது மாற்றியது என்ற ரசீதும் கேட்பார்கள்.

---

கழிமுகம் பதில்:

ஃபிட்டர் இஞ்சினைச் சொல்லிவிட்டார். நான் உடம்பையும் வானிலையையும் சொல்கிறேன்.

படகைக் கரையேற்றி, சுத்தியலின் மரப்பிடியால் மேல் தளம் முழுக்கத் தட்டுங்கள். டக் டக் என்று கேட்க வேண்டும். சொத சொத என்று மந்தமாகக் கேட்கும் இடத்தில் ஃபைபருக்கு நடுவில் உள்ள மரம் ஊறி அழுகியிருக்கிறது. கம்பத்து அடி, கைப்பிடித் தண்டு, ஜன்னல் ஓரம், திருகு போட்ட இடம் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் தளத்துக்குள் இறங்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்றையாவது கழற்றிப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் துருப்பிடிக்காத இரும்பு, காற்றுப் படாத தளத்து நடுவில்தான் விரிசல் விடும். கம்பிகளுக்குப் பத்து முதல் பதினைந்து வருடம் ஆயுள். ரசீது இல்லை என்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

அடியில் கடல் தண்ணீர் நுழையும் வால்வு ஒவ்வொன்றையும் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் சரி. இளஞ்சிவப்பாக, பொடிப்பொடியாக இருந்தால் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிச்சம். ஒரு நாள் ஹோஸோடு கையில் வந்துவிடும். ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் அதே அளவுக்கு மர முளை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். வால்வு உடையும்போது முளையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று. லுமுட் டிண்டிங் ஆற்றுக் கழிமுகம். மழைக்காலத்தில் தண்ணீர் பாதி நன்னீர். இங்கே வெகுநாள் கட்டிப்போட்டால் துத்தநாக ஆனோட் (படகின் மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரையும் துண்டு) மேல் ஓடு பிடித்து வேலை செய்யாமல் போகும். அலுமினிய ஆனோட் போடுங்கள். இரண்டையும் கலந்து போடக்கூடாது. சிப்பி ஏறாமல் பூசும் அடி வண்ணம் 12 முதல் 18 மாதம் தாங்கும், ஆனால் புரொபெல்லரில் ஒன்றரை மாதத்திலேயே சிப்பி ஏறும். முகமூடி போட்டு இறங்கிச் சுரண்ட வேண்டியதுதான். நீரோட்டம் நிற்கும் நேரம் பார்த்து, இஞ்சின் சாவியை உங்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.

இப்போது செய்திகள்.

சென்யார் புயல் 2025 நவம்பர் 26-ல் நீரிணைக்குள்ளேயே உருவாகி, சுமத்ராவைச் சிதைத்து, திரும்பி வந்து 28-ம் தேதி வாக்கில் நம் கரையைக் கடந்தது. 2001 டிசம்பர் 27-ல் ஜொகூரைத் தொட்ட வாமெய்க்குப் பிறகு 'பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புயல் வராது' என்று சொல்பவர்கள் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. அடிக்கடி வராது, உண்மை. ஆனால் இங்கே படகில் இருப்பவருக்கு அதைவிட நிச்சயமான எதிரி சுமத்ரா காற்று. ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் நடுநிசிக்கும் விடியலுக்கும் நடுவில், மேற்கில் இருந்து ஒரு கறுப்புச் சுவர் போல வரும். 40 நாட் வேகம் வரை, சில நேரம் அதற்கு மேலும் அடிக்கும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் போய்விடும். செய்தியில் வராது, ஆனால் நங்கூரம் இழுபடுவது பெரும்பாலும் இதில்தான்.

அதனால் பங்கோர் தீவின் மேற்குப் பக்கம், தெலுக் நீப்பா, பாசிர் போகாக் எல்லாம் பகலில் நங்கூரம் போட அழகான இடம். அந்த மாதங்களில் இரவு தங்காதீர்கள். காற்று வந்தால் முதுகுக்குப் பின்னால் கரை. கிழக்குப் பக்கம் வந்துவிடுங்கள். ஃபெரியும் மீன்பிடிப் படகும் சத்தம் போடும், பரவாயில்லை.

நங்கூரச் சங்கிலிக் கணக்கைப் போடும்போது பலரும் கடல் ஏற்றத்தை மறக்கிறார்கள். வற்றத்தில் 4 மீட்டர் ஆழம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் 3 மீட்டர், தண்ணீரில் இருந்து படகு மூக்கு 1 மீட்டர். மொத்தம் 8. அதற்கு ஐந்து மடங்கு, 40 மீட்டர் சங்கிலி வெளியே இருக்க வேண்டும். உங்கள் படகுக்கு 16 முதல் 20 கிலோ நங்கூரம், 10 மில்லிமீட்டர் சங்கிலி 50 மீட்டர், மீட்டருக்கு 2.3 கிலோ, அதாவது சங்கிலி மட்டும் 115 கிலோ. வின்ச் இல்லாமல் கையால் இழுக்கிற வயது நமக்கு இல்லை. ஊர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சங்கிலியின் கண் அளவு வின்ச் பல்லில் உட்காராது. அளவு குறித்த குறுங்கண் சங்கிலிதான் வேண்டும். வாங்கும் முன் ஒரு அடித் துண்டைப் பல்லில் வைத்துப் பாருங்கள். போட்ட பிறகு இஞ்சினை ரிவர்ஸில் மெல்ல ஏற்றி, கரையில் இரண்டு அடையாளங்கள் நகராமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சமையலுக்குப் போக வேண்டும்.

சென்யார் மாதிரி எச்சரிக்கை வந்தால் கடலில் சமாளிக்கலாம் என்ற பேச்சே வேண்டாம். மெட் மலேசியா (வானிலைத் துறை) கடல் எச்சரிக்கையில் முதல் நிலை என்றாலே காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. முதல் நிலைக்கே ஆற்றுக்குள் இருங்கள். பாய்களைக் கழற்றி உள்ளே வையுங்கள். சுருட்டிய பாயே காற்றில் பிரிந்து கிழிந்து படகைத் திருப்பிவிடும். கயிறுகளை இரட்டிப்பாக்கி, உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாயைச் சுற்றுங்கள். புயல் போன பிறகும் இரண்டு மூன்று நாள் கிளம்பாதீர்கள். ஆறு அப்போதுதான் மரக்கட்டை, வாழைத்தண்டு, தகரம் எல்லாம் கொண்டு வரும். பாதி முங்கிய கட்டை ஒன்று போதும்.

கொள்ளை விஷயம். அது சிங்கப்பூர் நீரிணை, பிலிப் கால்வாய்ப் பக்கம். இரவில், மெதுவாகப் போகும் பெரிய சரக்குக் கப்பல்களின் பின்புறம் ஏறி இஞ்சின் பாகங்களைத் திருடுவது. உங்கள் வழியில் இருந்து 200 கடல் மைலுக்கு மேல் தெற்கே. உங்களிடம் காணாமல் போகக்கூடியது சின்னப் படகின் அவுட்போர்ட் மோட்டார்தான். இரவில் சின்னப் படகைத் தண்ணீரில் விடாமல் கயிற்றில் தூக்கித் தொங்கவிட்டுப் பூட்டுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டிய கப்பல் வேறு. லுமுட் பக்கத்துத் தெலுக் ரூபியாவில் 2014 முதல் இரும்புத்தாது முனையம் இருக்கிறது. அங்கே வரும் கப்பல்களில் பெரியவை 360 மீட்டர் நீளம், 4 லட்சம் டன். அவற்றால் உங்களுக்காகத் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. அந்தப் பாதையைக் குறுக்கே கடப்பதாக இருந்தால் பின்பக்கமாகக் கடங்கள். கடற்படைத் தளத்துப் பக்கமும் ஒதுங்கியே போங்கள்.

பினாங்குப் பயணத்துக்கு: நீரிணையில் வற்றும் ஓட்டம் வடமேற்கே போகும், ஏறும் ஓட்டம் தென்கிழக்கே. வற்றத்தோடு கிளம்பினால் உங்களுக்கு ஒரு நாட் இலவசம். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி இருட்டுவதற்குள் ஜெரெஜாக் தீவு ஓரம் நங்கூரம் போடப் பாருங்கள். இரவுப் பயணத்தில் கப்பலைவிட வலைதான் தொல்லை. கோலா குராவ், தஞ்சோங் பியாண்டாங் பக்கம் சேற்றுத் திட்டு வெகுதூரம் கடலுக்குள் போகிறது, 5 மைல் தள்ளியே இருங்கள். வலை சுற்றினால் உடனே நியூட்ரல், இஞ்சினை நிறுத்துங்கள். ரிவர்ஸ் போட்டு அவிழ்க்கப் பார்த்தால் கயிறு உருகி ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

---

சுக்கான் அக்கா பதில்:

ஆண்கள் எல்லாரும் இஞ்சினும் நங்கூரமும் பேசுகிறார்கள். குடியிருக்கப் போவது இரண்டு பேர். தம்பி, முதலில் ஒரு சின்ன மாற்றம்: நங்கூரம் போடும்போதும் மரினாவில் கட்டும்போதும் சுக்கானை உங்கள் வீட்டுக்காரி பிடிக்கட்டும், நீங்கள் முன்னால் கயிற்றைப் பாருங்கள். சுக்கானுக்குப் பலம் வேண்டாம், சங்கிலிக்கு வேண்டும். இஞ்சின் சத்தத்தில் வாயால் கத்திப் பயன் இல்லை. முன்னே, பின்னே, நியூட்ரல், நிறுத்து என்று நான்கு கைச் சைகை பேசி வையுங்கள். படகுத் தம்பதிகள் பாதிச் சண்டை போடுவது இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

நீங்கள் தண்ணீரில் விழுந்துவிட்டால் அவர் தனியாகப் படகைத் திருப்பி, உங்களை ஏற்ற வேண்டும். பின் ஏணி தண்ணீரில் இருந்தே இழுத்துத் திறக்கும்படி இருக்கிறதா? வானொலியில் 16-ம் அலைவரிசையில் பேச அவருக்குத் தெரியுமா? படகின் பெயர், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர். இந்த நான்கையும் மலாயில் ஒரு அட்டையில் எழுதி வானொலி பக்கத்தில் ஒட்டுங்கள். கரைக்குப் பக்கத்தில் போன் சிக்னல் இருந்தால் 999-ம் போகும்.

இன்சுலின். திறக்காத புட்டிகள் 2 முதல் 8 டிகிரியில். திறந்து பயன்படுத்துவது பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரை வெளியே இருக்கலாம், ஆனால் 30 டிகிரிக்குக் கீழே என்பதுதான் விஷயம். மூடிய படகின் உள்ளே மதியம் அதைத் தாண்டும். படகு ஐஸ் பெட்டி மேலே திறக்கும் வகையாக இருந்தால், குளிர்த் தகட்டை ஒட்டி வைக்கும் எதுவும் உறைந்துவிடும். உறைந்த இன்சுலினை உருக்கிப் போடக்கூடாது, வீசத்தான் வேண்டும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தகட்டில் இருந்து தள்ளி, நடு உயரத்தில், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரோடு வையுங்கள். மருந்தில் பாதியை ஊர் வீட்டு ஐஸ் பெட்டியில் விட்டு வையுங்கள். லுமுட்டில் இருக்கும்போது ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை பக்கம்தான்.

கரண்ட் கணக்கு இப்படி. 12 வோல்ட் ஐஸ் பெட்டி நம் சூட்டில் நாளைக்கு 50 ஆம்ப்-அவர் சுமார். இரண்டு விசிறி இரவு முழுக்க 12. விளக்கு, போன், வானொலி, நங்கூர விளக்கு எல்லாம் சேர்த்து 20, 25. மொத்தம் 85 பக்கம். 400 வாட் சோலார் தகடு வெயில் நாளில் 100 கொடுக்கும், மழை நாளில் பாதி. 200 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரியில் 160 பயன்படுத்தலாம். மழை நான்கு நாளுக்கு மேல் பிடித்தால்தான் இஞ்சினைப் போட வேண்டியிருக்கும். லித்தியம் போட்டால் இஞ்சின் ஆல்டர்னேட்டரை நேராக இணைக்காதீர்கள். அது கேட்கிற கரண்டை எல்லாம் கொடுத்துச் சூடாகி எரிந்துவிடும். நடுவில் சார்ஜர் பெட்டி ஒன்று வேண்டும். புகைமூட்டக் காலத்தில், ஜூலையில் இருந்து அக்டோபர் வரை வந்தால், சோலார் வரத்து நன்றாகக் குறையும், தகட்டில் சாம்பல் படியும். அந்த நேரத்தில் முதல் மழைத் தண்ணீரை டாங்க்கில் பிடிக்கக்கூடாது. பத்து நிமிடம் துணிக்கூரையைக் கழுவவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

கேஸ். வீட்டில் வைப்பது மாதிரி 14 கிலோ தோங்கை (சிலிண்டர்) அடுப்புக்குக் கீழே வைப்பதாக இருந்தால் நான் இப்போதே 'வாங்காதீர்கள்' என்பேன். இந்த கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கதவு வழியாக வெளியே போகாது. படகின் அடிக்குழியில் இறங்கித் தங்கும், பம்ப் ஓடும்போது ஒரு பொறி போதும். தோங் வெளித் தளத்தில், அடியில் கடலுக்குத் துளை உள்ள தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். சமைத்து முடித்ததும் தோங்கின் தலையில் மூடுங்கள், அடுப்புக் குமிழில் மட்டும் இல்லை.

அட்டைப் பெட்டியைப் படகுக்குள் கொண்டு வராதீர்கள். கரப்பான் முட்டை அதன் மடிப்பில்தான் வரும். சாமானை மரினா நடைபாலத்திலேயே பிரித்து, அரிசி பருப்பை இறுக்கமான டப்பாவில் கொட்டிக்கொண்டு உள்ளே போங்கள்.

---

ஆயர் தாவார் வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம்: 3ஜிஎம்30எஃப். இரண்டு சந்தேகம். மீனவர் ஒருவர் மானிய டீசலைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வீட்டுக்காரி கேட்கச் சொன்னது: ஊர் வீட்டை விற்றுப் படகுக்குப் போடலாமா?

---

காகிதம் முக்கியம் பதில்:

மீனவர் டீசல் வேண்டவே வேண்டாம். 1.65 வெள்ளி விலை உரிமம் பெற்ற மீன்பிடிப் படகுக்கு மட்டும். அதை நீங்கள் வைத்திருந்தால் 1961-ம் ஆண்டு பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் மாட்டுவது நீங்களும்தான். கடல் அமலாக்கத்தினர் ஏறிச் சோதிக்கும்போது ரசீது கேட்பார்கள். 32 லிட்டருக்கு நாற்பது ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய்ப் படகையே இழக்க வேண்டுமா?

வீட்டை விற்காதீர்கள். வாடகைக்கும் விடாமல் ஆறு மாதம் வையுங்கள். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்குப் போகும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அந்தப் பணம் கையில் தனியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். வீட்டை விற்ற பணத்தில் வாங்கிய படகைத் திரும்ப விற்றால் பாதிதான் வரும். வீடு நம் ஊரில் அப்படி இறங்காது.

---

சுக்கான் அக்கா பதில்:

இதில் நானும் அதே கட்சி. ஆறு மாதத்தில் ஏப்ரல், மே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் மேற்குக்கரை குளம் மாதிரி இருக்கும், எல்லாருக்கும் படகு பிடிக்கும். சுமத்ரா காற்றில் நான்கு இரவு தூங்கிப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்காரி சரி என்று சொல்ல வேண்டும்.

---

ஆலை ஃபிட்டர் பதில்:

எஃப் என்றால் நல்லது. அப்போது கடல் தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) கழற்றிப் பாருங்கள். ரப்பர் இறக்கை ஏதாவது ஒடிந்து காணவில்லை என்றால், அந்தத் துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில்தான் உட்கார்ந்திருக்கும். புது இம்பெல்லர் போட்ட பிறகும் சூடு ஏறுவதற்கு அதுதான் காரணம். துண்டுகளைப் பொறுக்கிப் பழைய இறக்கை எண்ணிக்கை சரியாகும்வரை மூடாதீர்கள். அந்த பம்ப்பின் ஆயில் சீல், பேரிங், பெல்ட் மூன்றுக்கும் ஏஜெண்டிடம் போகத் தேவையில்லை. மேலே பொறித்த எண்ணை எடுத்துக்கொண்டு சித்தியவானில் டிராக்டர் சாமான் விற்கும் பேரிங் கடைக்குப் போங்கள். சீல் வாங்கும்போது மட்டும் உள் ஸ்பிரிங் துருப்பிடிக்காத இரும்பா என்று கேளுங்கள். சாதாரண ஸ்பிரிங் உப்புத் தண்ணீரில் சில மாதத்தில் அறுந்து, பம்ப்பின் அடியில் சொட்ட ஆரம்பிக்கும். பம்ப்பில் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள சின்ன வடிகால் துளையை யாரும் சிலிகான் வைத்து அடைத்திருந்தால் முதலில் அதைக் குத்தித் திறந்துவிடுங்கள். அடைத்தால் அந்தச் சொட்டு பேரிங்குக்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.